பதினேழாம் கிணறு

எஃகு நாடாவின் நுனியில்
நீலச் சுண்ணப்பொடி தேய்த்துக் கிணற்றில் இறக்குவேன்.
நனைந்த இடத்தில் நிறம் மாறும்.
அவ்வளவுதான் என் உத்தியோகம்:
தண்ணீர் இன்னும் எத்தனை அடி
விலகிப் போயிருக்கிறது என்று
ஐடஹோ அரசுக்கு மாதம் ஒருமுறை சொல்வது.

மார்ச்சில் நாற்பத்தொன்று.
குதிரைமசால் மூன்றாம் அறுப்பு முடிந்த ஆகஸ்டில்
ஐம்பத்தெட்டு.

கிணறுகளுக்குக் கீழே ஓடை,
ஓடைக்கு மேலே எரிமலைக் கரும்பாறைச் சுவர்.
அதில் பன்னிரண்டு ஊற்றுக்கண்கள் இருந்தன,
கைபொறுக்கும் சூட்டில்.
அவை கசிந்து பாறைமேல் வழியும்
காகிதத் தடிமன் ஈரத்தில்
ஒரு நத்தை.
கடுகில் பாதி.
பாசியை மேய்ந்து, முட்டையிட்டு,
ஓராண்டுக்குள் கதை முடிந்துவிடும்.
வேறெந்தப் பாறையிலும் கிடையாது.
ஓடையின் குளிர் அதைக் கொன்றுவிடும்,
பத்தடி தள்ளிக் குடிபோக வழியில்லை.

வின்னெட் ட்ரெஸ்காட் அதை எண்ணுகிறவள்.
முட்டிபோட்டு,
உள்ளங்கை அளவுக் கம்பிச் சட்டத்தைப் பாறையில் ஒட்டி,
லென்ஸுக்குள் கண்ணை வைத்து,
கட்டைவிரலால் எண்ணியை அழுத்துவாள்.
டிக். டிக்.
அப்புறம் நெடுநேரம் சத்தமே வராது.
ஒன்பது கண்கள் மூடிவிட்டன.
மூடிய கண்ணுக்குக் கீழே வெறும் கூடுகள்
மிளகுத்தூள் போல.
தும்மினால் பறக்கும்.

ஒருநாள் என் வண்டியின் முன்மூடிமேல்
அவள் கணக்கையும் என் கணக்கையும்
பக்கத்தில் பக்கத்தில் விரித்தோம்.
காற்றில் பறக்காமலிருக்க
ஒன்றின்மேல் காப்பிக் குவளை,
மற்றதன்மேல் அவள் முழங்கை.
இரண்டு கோடும் ஒரே படிக்கட்டில் இறங்கின.
காப்பி ஆறும்வரை
இருவரும் பேசவில்லை.

பிட்டோர் ஓர்மேச்சியா கெட்டவன் இல்லை.
மூன்று பம்பு, மூன்றின்மேலும் கடன்.
"தூசிக்காக நிலத்தைத் தரிசு போடச் சொல்கிறாயா?"
என்று ஒருமுறை வின்னெட்டிடம் கத்தினான்.
அவள் பதில் சொல்லவில்லை.
மயிர்த்தூரிகையால் ஒன்றைத் தொட்டெடுத்து
அவன் கட்டைவிரல் நகத்தில் வைத்தாள்,
ஒரு துளி வெந்நீரோடு.
கறுப்புப் புள்ளியிலிருந்து
இரண்டு கொம்பு எழுந்தது.
காளைக்குச் சூடு போடுகிற அந்தக் கை
அசையவில்லை.
மூச்சு பட்டால் கவிழ்ந்துவிடும் என்று
மூச்சையும் விடவில்லை.
மறுநாள் விடிய நாலு மணிக்கு
வழக்கம்போல் பம்பு ஓடியது.

பதினேழாம் கிணறு அவன் நிலத்தின் ஓரத்தில்.
யாரும் இறைப்பதில்லை.
தானே பொங்கிய காலத்தில் போட்ட வால்வு
துருவேறிச் சொட்டிக்கொண்டிருக்கிறது.
விதி எளிது:
ஒழுகும் கிணற்றை எழுத்தில் தெரிவிக்க வேண்டும்,
இரண்டு வாரத்தில் சிமெண்ட் ஊற்றி அடைப்பார்கள்.
சரியான விதிதான். நானே வாதாடியிருக்கிறேன்.

அக்டோபரில் அந்த ஒழுகலின் பின்னால் நடந்தேன்.
பாறை வெடிப்பில் இறங்கி,
ஒரு முழ அகலத்துக்கு
வெதுவெதுப்பாய்ப் பரவியிருந்தது.
லென்ஸை வைத்தேன்.
புள்ளிகள்.
பார்த்துக்கொண்டே இருந்தேன்;
புள்ளிகள் நகர்ந்தன.

எப்படி வந்தன?
பறவைக் காலிலா, பசுவின் குளம்பிலா,
வின்னெட்டின் காலணிச் சேற்றிலா?
கண்களுக்குப் போக வேண்டிய தண்ணீரைத்தான்
இந்த ஓட்டை திருடுகிறது.
திருட்டுத் தண்ணீரில்
நூற்று நாற்பது உயிர்.
இரண்டு தடவை எண்ணினேன்.

நிழல் விழுந்தது.
பிட்டோர், கையில் பெரிய திருகியோடு.
"அரைச்சுற்று இறுக்கினால் நின்றுவிடும்.
ஏற்கெனவே செய்திருக்கணும்."
நான் லென்ஸை நீட்டினேன்.
குனிந்தான். அவன் முட்டி சொடுக்கியது.
எழுந்தபோது வால்வைப் பார்க்கவில்லை.
மாடு மிதிக்காமலிருக்க
இரண்டு கல்லைப் புரட்டி வைத்தான்.
திருகியைத் தோளில் போட்டுக்கொண்டு போனான்.
மாலையில் பம்பு ஓடியது.

என் படிவத்தில் ஒரு கேள்வி:
கசிவு உண்டா? ஆம், இல்லை.
எதிரே இரண்டு சின்னக் கட்டங்கள்,
ஒவ்வொன்றும் கடுகு கொள்ளும்.
வின்னெட்டுக்கு இன்னும் சொல்லவில்லை.
சொன்னால் அவள் எழுதியாக வேண்டும்,
அவளுக்கும் ஒரு படிவம் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை மறுபடி அளவெடுக்கும் நாள்.
நீலப்பொடி தீர்ந்துவிட்டது,
வாங்க வேண்டும்.